செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ்: இந்த வெற்றுப் புல்வெளியில் அப்படி என்ன வடிவமைப்பு?

வெண்பந்து எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கோல்ஃப் பார்க்கத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மாதிரி ஒரு மைதானத்தைப் பார்த்தால் எனக்குச் சட்டென்று விளங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் பைன் மரங்கள், குழி இருக்கும் கிரீனுக்கு முன்னால் ஓடை, நடுவில் பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்வழியான ஃபேர்வே. பந்து எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் அப்படி இல்லை. 2022-இல் 150-ஆவது ஓப்பன் (பிரிட்டிஷ் ஓப்பன்) போட்டி அங்கே நடந்தபோது விடாமல் பார்த்தேன். மைதானத்தில் மரமே கிடையாது. முதல் ஹோலுக்கும் பதினெட்டாவது ஹோலுக்கும் நடுவே எதுவும் இல்லை, ஒரே புல்பரப்பு. ஒரே கிரீனில் இரண்டு கொடிகள் நிற்கின்றன. யார் எங்கிருந்து எங்கே அடிக்கிறார்கள் என்பதே குழப்பம். கேமரன் ஸ்மித் 20 அண்டர் பாரில், அதாவது விதித்த அடிக்கணக்கைவிட 20 குறைவாக அடித்து, வென்றார். அப்படியானால் கடினமும் இல்லையே?

பழமைக்கு மரியாதை செய்வது வேறு, வடிவமைப்பு சிறந்தது என்று சொல்வது வேறு. அந்த இரண்டாவதை யாராவது எனக்குப் புரிய வைக்க முடியுமா? உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.


எடின்பரோவாசி எழுதியது:

நல்ல கேள்வி. டிவியில் பார்த்தவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். கேமரா உயரத்திலிருந்து பார்ப்பதால் அங்குள்ள மேடுபள்ளமெல்லாம் தட்டையாகிவிடுகிறது. நேரில் நடந்தால் கணுக்கால் ஒருமுறைகூடச் சமமாக ஊன்றாது. இடுப்பளவு மேடு, அதற்குப் பின்னால் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ஆள் மறையும் அளவுக்கு ஒரு பங்கர், அதாவது மணற்குழி. பத்தடி தள்ளி நின்றால் அந்தப் பங்கர் இருப்பதே தெரியாது.

அகலத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த அகலம்தான் அங்கே முதல் சோதனை. ஃபேர்வே ஒடுக்கமாக இருந்தால் ஆட்டக்காரர் யோசிக்க ஒன்றுமில்லை, நேராக அடித்தால் போதும். அகலமாக இருந்தால் எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். ஓல்ட் கோர்ஸ் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வருகிறது. போகும்போதும் வரும்போதும் வலது கைப் பக்கம்தான் முட்புதரும் எல்லையும். இடது பக்கம் முழுக்க எதிரே வரும் ஹோல்களின் ஃபேர்வே, பயப்பட ஒன்றுமில்லை. ஆகவே பயந்தவர்கள் எல்லாரும் இடது பக்கம் அடிப்பார்கள். பந்து பத்திரமாக இருக்கும். ஆனால் அங்கிருந்து கிரீனைப் பார்த்தால் பல ஹோல்களில் நடுவே ஒரு பங்கரோ மேடோ குறுக்கே வந்து நிற்கும். எல்லையை ஒட்டித் துணிந்து அடித்தவருக்குத்தான் கிரீனுக்கு நேர்வழி.

17-ஆவது ஹோலை எடுத்துக்கொள்ளுங்கள். ரோட் ஹோல், 495 கெஜம், பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டியது. முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நின்றால் ஃபேர்வே தெரியாது. ஹோட்டல் வளாகத்தில், பழைய ரயில்வே கொட்டகைகளின் வடிவில் கட்டிய கூரைகளுக்கு மேலாகக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது போலத்தான். வலது பக்கம் ஹோட்டல், அதாவது எல்லைக்கு வெளியே. கிரீன் ஒடுக்கமானது, உயர்த்திக் கட்டியது, கோணலாக வைத்தது. அதன் முன் இடது பக்கம் ரோட் பங்கர் கிரீனுக்குள்ளேயே கடித்துக்கொண்டு நிற்கிறது. பின்னால் தார்ச்சாலை, அதை ஒட்டிக் கல்சுவர். ஹோட்டலை உரசி அடித்தவருக்குக் கிரீன் நீளவாக்கில் திறக்கும். இடது பக்கம் ஒதுங்கியவருக்குப் பங்கர் நேர் எதிரே. அதைத் தாண்டி அடித்தால் பந்து நிற்க இடமில்லை, சாலைக்கு ஓடும்.

இந்த ஒரு கிரீனில் உடைந்தவர்களைப் பாருங்கள். 1978-இல் ஜப்பானின் டாமி நகாஜிமா கிரீனுக்கு வந்துவிட்டார். அங்கே குழியை நோக்கிப் பட்டிங்காக உருட்டி அடித்த பந்து சரிவில் உருண்டு பங்கருக்குள் விழுந்தது. அந்த ஹோலில் 9 அடித்தார். 1984-இல் டாம் வாட்சனின் இரண்டாவது அடி கிரீனைத் தாண்டிச் சாலைக்குப் போய்ச் சுவரோரம் நின்றது, பட்டம் செவி பயஸ்தெரோஸ் கைக்குப் போனது. 2000-இல் டேவிட் டுவால் ரோட் பங்கரிலிருந்து வெளியே வர நான்கு அடி அடித்தார். அதே 2000-இல் டைகர் உட்ஸ் நான்கு சுற்றிலும் ஒரு பங்கரில்கூட விழவில்லை. 112 பங்கர் உள்ள மைதானம் அது. அவர் 19 அண்டரில் வென்றதைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.


குறுக்குக்கேள்வி எழுதியது:

எடின்பரோவாசி ஐயா எழுதியதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. இதையெல்லாம் வடிவமைப்பு என்று எப்படிச் சொல்வது? யாரும் திட்டம் போட்டு வரையவில்லை. ஆடு மேய்ந்தது, முயல் குழி தோண்டியது, ஊரார் நடந்தார்கள். தற்செயலாக உருவானதற்கு நாம் பின்னால் இருந்து காரணம் கண்டுபிடித்துச் சூட்டுகிறோம்.

12-ஆவது ஹோலில் ஃபேர்வேயின் நடுவிலேயே பங்கர்கள் இருக்கின்றன. டீயிலிருந்து ஒன்றுகூடத் தெரியாது. நன்றாக, நேராக அடித்தவருக்குத் தண்டனை. இதே காரியத்தை இன்று ஒரு வடிவமைப்பாளர் செய்தால் அவருக்கு அடுத்த வேலை கிடைக்காது. செயின்ட் ஆண்ட்ரூஸில் இருந்தால் மட்டும் அது மேதைமையா?


மணல்காடு எழுதியது:

நான் மண்ணும் புல்லும் படித்தவன். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் லிங்க்ஸ் எனப்படும் கடற்கரை மணல் மைதானத்தின் ஆட்டம் மண்ணில்தான் தொடங்குகிறது.

பனியுகத்தில் ஸ்காட்லாந்தின் மேல் பெரும் பனிப்பாளம் கிடந்தது. பனி உருகியதும் அந்தப் பாரம் நீங்கி நிலம் மெல்ல மேலெழும்பியது. பழைய கடற்கரைகள் உயர்ந்து உள்ளே தங்கிவிட்டன. அவற்றின் மேல் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டியது. கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே உள்ள இந்த மணல் நிலம் உழவுக்கு உதவாது. ஆடு மேய்க்கலாம், வலை காய வைக்கலாம், துணி வெளுக்கலாம், விளையாடலாம். அதனால்தான் ஊர்ப் பொதுவில் கிடந்தது.

சத்தில்லாத மணலில் தடித்த புல் வளராது. ஃபெஸ்கியூ, பென்ட் என்னும் ஊசி போன்ற மெல்லிய புற்கள்தான் தாக்குப்பிடிக்கும். ஆடும் முயலும் அவற்றை ஒட்டக் கடித்துக் கடித்துக் கம்பளமாக்கின. மழை பெய்தால் தண்ணீர் நேரே மணலுக்குள் இறங்கிவிடும். தரை கெட்டியாகவே இருக்கும். விளைவு என்ன? பந்து விழுந்த இடத்தில் நிற்காது. எகிறும், உருளும், மேட்டில் மோதித் திரும்பும். ஒரு சிறு மேடுகூட ஆட்டத்தில் கணக்குக்கு வருகிறது. நன்றாக உரமிட்டுத் தண்ணீர் பாய்ச்சிய மெத்தென்ற மைதானத்தில் இதே மேடுபள்ளம் வெறும் அலங்காரம்தான், ஏனென்றால் பந்து வானத்திலிருந்து இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று. லிங்க்ஸ் பங்கரின் செங்குத்துச் சுவர் அழகுக்காகக் கட்டியது அல்ல. கடற்காற்றில் மணல் பறந்து குழி அகன்றுகொண்டே போகும். அதைத் தடுக்கத்தான் புல்தரைத் துண்டுகளை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்புகிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிந்துவிடும், மறுபடி அடுக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கத் தோட்டப் பணியாளர்களுக்கு இந்த வேலைதான்.


ஊட்டிக்கேடி எழுதியது:

நான் சின்ன வயசுல ஊட்டிப் பக்கம் கேடி வேலை, அதாவது ஆட்டக்காரரோட மட்டைப் பையைத் தூக்கி வழி சொல்ற வேலை, பார்த்தவன். ஸ்காட்லாந்து போனதில்லை, ஆனா மணல்காடு சார் சொன்னதைப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு.

மலையில கோல்ஃப் ஆடுறவங்களுக்குப் புதுசா வந்தா ஒண்ணும் பிடிபடாது. கொடியைப் பார்த்து அடிப்பாங்க, பந்து எங்கேயோ போகும். நாங்க கொடியைக் காட்ட மாட்டோம். அதோ அந்தத் திட்டுல விழ வைங்க, மிச்சத்தைத் தரை பார்த்துக்கும்னு சொல்வோம். வாசல்ல தெளிச்ச தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு அந்த வீட்டுக்காரங்களுக்குத்தானே தெரியும், அதுபோலத்தான். தரையைப் படிக்கத் தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரு சுத்துல எத்தனையோ அடி வித்தியாசம் வரும்.

குறுக்குக்கேள்வி சார், கண்ணுக்குத் தெரியாத பங்கர் அநியாயம்னு சொல்றீங்க. முதல் தடவை அநியாயம்தான். ரெண்டாவது தடவை அது உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம். தெரிஞ்சுக்கிட்டவங்களுக்குப் பலன் கொடுக்கிற மைதானம்னா எனக்கு அது நல்ல மைதானம். கேடிக்கு மரியாதை கிடைக்கிறதும் அங்கதான்.


எடின்பரோவாசி எழுதியது:

ஊட்டிக்கேடி அண்ணன் சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் 'தற்செயல்' என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 12-ஆவது ஹோல் அதற்கு மிகச் சரியான இடம்.

அந்தப் பங்கர்கள் ஏன் டீயிலிருந்து மறைந்திருக்கின்றன தெரியுமா? அவை நம்மைப் பார்த்து அமைந்தவை அல்ல. ஓல்ட் கோர்ஸ் ஒரு காலத்தில் எதிர்த்திசையில், கடிகார முள் போகும் திசையில் ஆடப்பட்டது. முதல் டீயிலிருந்து 17-ஆவது கிரீனுக்கு அடிப்பார்கள், அடுத்து 18-ஆவது டீயிலிருந்து 16-ஆவது கிரீனுக்கு. 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு திசைகளும் மாறி மாறி வழக்கத்தில் இருந்தன. 12-இன் கிரீன் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தால் அந்தப் பங்கர்கள் ஒவ்வொன்றும் வாயைத் திறந்துகொண்டு தெரியும். ஒரே நிலம் இரண்டு மைதானமாக வேலை செய்தது. அதில் ஒரு திசையை மட்டும் இன்று ஆடுகிறோம்.

இப்போது கைவைத்தவர்களைப் பற்றி. 1764-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃபர்கள் சங்கம் தொடக்கத்திலிருந்த நான்கு குட்டை ஹோல்களை இரண்டாக இணைத்தது. அதே வழியில் போய் அதே வழியில் திரும்புவதால் 22 ஹோல் சுற்று 18 ஆனது. உலகெங்கும் இன்று 18 ஹோல் ஆடுவதன் காரணம் இந்த ஒரு முடிவு. அப்போது போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் ஒரே குழிதான், ஒரே ஒடுக்கமான பாதைதான். கூட்டம் பெருகியதும் நெரிசல் தாங்கவில்லை. ஊரின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஆலன் ராபர்ட்சன் காலத்தில் பாதையை அகலப்படுத்தினார்கள், கிரீன்களை அகட்டி இரண்டு குழி வெட்டினார்கள். இரட்டைக் கிரீன்கள் பிறந்தது அப்படித்தான். மொத்தம் ஏழு. 2-க்கும் 16-க்கும் ஒன்று, 3-க்கும் 15-க்கும் ஒன்று, இப்படியே 8-க்கும் 10-க்கும் வரை. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். 1, 9, 17, 18 நான்குக்கு மட்டும் தனிக் கிரீன்.

17-ஆவது கிரீனை அந்த மேட்டில் வைத்ததும் ராபர்ட்சன்தான் என்கிறார்கள். அவர் 1858-இல் அந்த மைதானத்தில் 79 அடித்து, 80-க்குள் முடித்த முதல் ஆள் ஆனவர். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். பின்னர் 1860-களின் நடுவில் ஓல்ட் டாம் மாரிஸ் பிரெஸ்ட்விக்கிலிருந்து ஊர் திரும்பி மைதானத்தைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். ஸ்வில்கன் ஓடையை ஒட்டி முதல் ஹோலுக்குத் தனிக் கிரீன் அமைத்தார். அதற்குப் பிறகுதான் இன்றைய எதிர்வலச் சுற்று சிக்கலில்லாமல் ஓடியது. 18-ஆவது கிரீனும் அவர் கட்டியதே, அந்த ஹோலுக்கு அவர் பெயர். கிரீனின் முன்னால் கிடக்கும் 'பாவப் பள்ளத்தாக்கு' எத்தனை பேரை வாட்டியிருக்கிறது! 1995-இல் கொஸ்தாந்தினோ ரோக்கா அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்து பட்டிங் அடித்து, நெடுந்தூரம் உருட்டிக் குழிக்குள் போட்டு, ஜான் டேலியைச் சமன் உடைக்கும் பிளேஆஃபுக்கு இழுத்ததை யூடியூபில் தேடிப் பாருங்கள், வெண்பந்து. ரோக்கா தரையில் விழுந்து அழுத காட்சி அது.

ஆக, நிலம் கொடுத்ததை எடுத்து, தேவை வந்தபோது தேவைப்பட்ட இடத்தில் மட்டும் மாற்றி, மாற்றியதில் எது ஆட்டத்துக்கு உதவியதோ அதை வைத்துக்கொண்டார்கள். இதைத் தற்செயல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.


குறுக்குக்கேள்வி எழுதியது:

சரி, வரலாறு சுவையாக இருக்கிறது. இன்றைக்கு வாருங்கள். நான்கு சுற்றுக்கும் சேர்த்து ஸ்மித் அடித்தது 268. அதற்கு முன் உட்ஸ் 269, ஃபால்டோ 1990-இல் 270. மைதானத்தை 7,313 கெஜத்துக்கு நீட்டியும் இந்த நிலை. 17-இன் டீயை 2010-இல் மைதானத்தின் எல்லைக்கு வெளியே, பயிற்சித் திடலுக்கே தள்ளினார்கள். வேறு இடமில்லை. 9, 10, 12, 18 எல்லாமே பார் 4 என்று பெயர், டீயிலிருந்தே கிரீனுக்கோ அதன் அருகிலோ அடித்துவிடுகிறார்கள். அப்புறம் எந்தப் பக்கம் நிற்பது, என்ன கோணம் என்ற பேச்சுக்கு என்ன பொருள்?

இரட்டைக் கிரீனால் ஒருவர் அடிக்க மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. 2022-இல் முதல் நாள் ஒரு சுற்று முடிக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனதே! அருங்காட்சியகமாகக் காப்பாற்றுவோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வடிவமைப்பின் உச்சம் என்று மாணவர்களுக்குக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.


கொழும்பிலிருந்து எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மணல்காடு சொன்ன அந்தப் பொது நிலம் என்ற விசயம் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கட ஊரிலும் கோல்ஃப் கடற்கரைப் பொதுவெளியில்தான் தொடங்கியது. 1879-இல் கொழும்பு கோல்ஃப் கழகம் ஆரம்பித்தபோது காலிமுகத்திடலில்தான் ஆடினார்கள். 1896-இல் உள்ளே பொரளைப் பக்கம் போய்விட்டார்கள். இப்போது திடலில் பட்டம் விடுகிறோம், இசுவடை என்ற இறால் வடை சாப்பிடுகிறோம், கோல்ஃப் ஆடின தடயமே இல்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸில் மட்டும் எப்படி ஆட்டமும் ஊரும் ஒரே இடத்தில் இவ்வளவு காலம் தங்கின? அந்த நிலம் யாருடையது?


எடின்பரோவாசி எழுதியது:

கொழும்பிலிருந்து, நீங்கள் கேட்டது வடிவமைப்போடு நேரடியாகச் சேர்ந்தது. 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் தந்த சாசனம், முயல் வளர்க்கும் உரிமையைத் தான் வைத்துக்கொண்டு, ஊராரின் கோல்ஃப் ஆடும் உரிமையை ஏற்றுக்கொண்டது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகராட்சி கடனில் மூழ்கி நிலத்தை விற்றுவிட்டது. வாங்கிய வணிகர்கள் முயல் பண்ணை போட்டார்கள். முயல் தோண்டிய குழிகளால் ஆட முடியாமல் போனது, கோல்ஃபர்கள் வழக்குக்குப் போனார்கள், ஊரார் முயல்களைக் கொன்றார்கள், வருடக்கணக்காகச் சண்டை. 1821-இல் பக்கத்து எஸ்டேட்டுக்காரர் ஜேம்ஸ் சீப் நிலத்தை வாங்கி ஆட்டத்துக்கு விட்ட பிறகுதான் அமைதி. 2-ஆவது ஹோலில் சீப்ஸ் பங்கர் என்று அவர் குடும்பப் பெயர் இருக்கிறது.

இன்று 1974-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டப்படி அமைந்த லிங்க்ஸ் அறக்கட்டளை நடத்துகிறது. ஆர் அண்ட் ஏ கழகத்தின் கட்டடம் முதல் டீக்குப் பின்னால் கம்பீரமாக நின்றாலும் மைதானம் அவர்களுடையது இல்லை. வெளியூர்க்காரர்களும் குலுக்கலில் பெயர் கொடுத்து ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் இல்லை, பெரிய போட்டிகள் விதிவிலக்கு. அன்று அது ஊருக்குப் பூங்கா. 18-ஆவது ஃபேர்வேக்குக் குறுக்கே ஒரு தெருவே போகிறது, கிரானி கிளார்க்ஸ் வைண்ட் என்று பெயர், ஆட்டம் நடக்கும்போதும் ஆட்கள் கடற்கரைக்கு நடந்து போவார்கள்.

குறுக்குக்கேள்வி, மெதுவான ஆட்டம் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, அதை மறுக்க மாட்டேன். அந்தப் பெரிய கூட்டத்துக்கு, அவ்வளவு தூரம் அடிக்கும் ஆட்டக்காரர்களுக்கு, அந்தக் குறுக்குப் பாதைகள் அமையவில்லை. குறிப்பாக 7-உம் 11-உம் ஒன்றையொன்று வெட்டும் இடம்.


கோட்டோவியம் எழுதியது:

நிலத்தோற்ற வடிவமைப்பு படிக்கிறேன். மாணவர்களுக்குக் காட்டக் கூடாது என்று எழுதியதைப் பார்த்து வருத்தமாகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். காட்டியவர்கள் யார் என்று பாருங்கள்.

அமெரிக்காவின் சார்ல்ஸ் பிளேர் மக்டொனால்ட் 1870-களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோதே ஓல்ட் டாமோடு பழகியவர். பின்னாளில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் ஆஃப் அமெரிக்கா அமைத்தபோது ரோட் ஹோலையும் 11-ஆவது ஹோலையும் அங்கே தன் பாணியில் மறுபடி கட்டினார். அலிஸ்டர் மெக்கென்சி ஓல்ட் கோர்ஸை அங்குலம் அங்குலமாக அளந்து 1924-இல் வரைந்த வரைபடம் இன்றும் அச்சிட்டுத் தொங்கவிடப்படுகிறது. பாபி ஜோன்ஸ் 1921-இல் 19 வயதில் அந்த 11-ஆவது ஹோலில் வெறுத்துப்போய் ஆட்டத்தையே கைவிட்டவர். 1927-இல் அங்கேயே ஓப்பனை வென்றார், 1930-இல் அமெச்சூர் பட்டத்தையும். பிறகு ஜோன்ஸும் மெக்கென்சியும் சேர்ந்து ஒரு மைதானம் கட்டினார்கள். வெண்பந்து, நீங்கள் சட்டென்று விளங்குகிறது என்று எழுதினீர்களே, அந்த அகஸ்டாதான் அது! மரங்களை மறந்துவிட்டுத் தரையைப் பாருங்கள். தொடக்கத்தில் ரஃப் என்னும் உயரப் புல் கிடையாது, பங்கர்கள் மிகக் குறைவு, ஃபேர்வே மிக அகலம், கிரீனுக்கு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதே எல்லாம். ஜார்ஜியாவின் சரிவான நிலத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸின் எண்ணத்தைத்தான் நட்டார்கள்.

11-ஐப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த ஹோல். 170 கெஜம் சொச்சம், பார் 3. இடது பக்கம் ஹில் பங்கர், வலது முன்பக்கம் ஸ்ட்ராத் பங்கர், பின்னால் ஈடன் கழிமுகம். கிரீன் பின்னாலிருந்து முன்னால் செங்குத்தாகச் சரிகிறது. பங்கருக்குப் பயந்து நீளமாக அடித்தால் அந்தச் சரிவில் இறங்கி வரும் பட்டிங் நிற்கவே நிற்காது. காற்று வேறு. இரண்டே பங்கரும் ஒரு சரிவும் போதும், தண்ணீர் தேவையில்லை.

அந்தக் கிரீனில்தான் 2012-இல் சர்ச்சை வெடித்தது. 2015 ஓப்பனுக்கு முன் மார்ட்டின் ஹாட்ரீயின் திட்டப்படி 11-இன் இடது பின்பகுதியின் சரிவைக் குறைத்தார்கள், ரோட் பங்கரைக் கொஞ்சம் அகட்டினார்கள், வேறு சில கிரீன்களின் ஓரங்களையும் தொட்டார்கள். உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் கொதித்தார்கள். மாற்றம் செய்தவர்கள் தரப்புக் காரணம் இதுதான்: இன்றைய வேகத்துக்குப் புல்லை வெட்டினால் அந்த இடது பகுதியில் குழி வைக்க முடியாது, பந்து நிற்காது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. புல் வேகத்தைக் குறைத்திருக்கலாம். நூற்றாண்டுகள் கொண்ட சரிவை ஒரு வாரப் போட்டிக்காக வெட்டுவது எந்தக் கணக்கில் சரி?


குறுக்குக்கேள்வி எழுதியது:

கோட்டோவியம், நீங்களே என் வாதத்தைச் சொல்லிவிட்டீர்கள். எடின்பரோவாசி ஐயா, காலம் காலமாக மாற்றி மாற்றித்தான் அது உருவானது என்றார். ராபர்ட்சன் மாற்றினால் தேர்ந்தெடுப்பு, ஓல்ட் டாம் மாற்றினால் தேர்ந்தெடுப்பு, ஹாட்ரீ மாற்றினால் மட்டும் குற்றமா?


கோட்டோவியம் எழுதியது:

வேறுபாடு இருக்கிறது. ராபர்ட்சனும் டாம் மாரிஸும் கூட்டத்துக்கு வழி செய்தார்கள், தினமும் அங்கே ஆடும் ஊராருக்காக. செய்த மாற்றத்தில் தாங்களே அடுத்த நாள் ஆடினார்கள். 2012-இல் செய்தது உலகின் முதல் நூறு ஆட்டக்காரர்களுக்காக. மற்ற நாட்களில் அங்கே ஆடும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு 11 ஏற்கெனவே போதுமான அளவு கடினம்.


மணல்காடு எழுதியது:

இந்தப் பேச்சில் பந்தை யாரும் தொடவில்லையே? 1848 வாக்கில் இறகுப் பந்து போய் குட்டா பெர்ச்சா வந்தது, 1900-ஐ ஒட்டி ரப்பர் நூல் சுற்றிய ஹாஸ்கெல் பந்து. ஒவ்வொரு தடவையும் பந்து நீளப் பறந்தது, மைதானங்கள் பின்னால் ஓடின. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ஓட இடமில்லை, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஊர். மைதானம் தேய்ந்துவிட்டது என்று சொல்வதற்கு முன் பந்து எவ்வளவு மாறியது என்று பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏவும் அமெரிக்கச் சங்கமான யுஎஸ்ஜிஏவும் பந்தின் தூரத்தைக் குறைக்கும் விதியை அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அதோடு, காற்று இல்லாத லிங்க்ஸ் பாதி லிங்க்ஸ்தான். 2022-இல் வறண்ட தரை, பெரும்பாலும் அடங்கிய காற்று. 2015-இல் அதே மைதானத்தில் சனிக்கிழமை கிரீனில் வைத்த பந்து காற்றுக்குத் தானாக நகர்ந்தது. பல மணி நேரம் ஆட்டத்தை நிறுத்தி, கடைசியில் போட்டி திங்கட்கிழமைக்குப் போனது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம்.

ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார், நம் கடற்கரையில் இப்படி ஒன்று அமைக்க முடியாதா என்று. மணலும் காற்றும் உண்டு, புல்தான் தடை. ஃபெஸ்கியூ குளிர்நாட்டுப் புல், நம் வெயிலில் கருகிவிடும். வெப்ப நாட்டு மைதானங்களில் போடும் பெர்முடா புல் நம் அருகம்புல்லின் இனம், ஆப்பிரிக்க உறவுப் புல்லோடு இனக்கலப்பு செய்து உருவாக்கிய கலப்பினங்களும் உண்டு. அது கொடியோடிப் பின்னிப் படரும், பந்தைப் பிடித்து நிறுத்தும். குட்டையாக வெட்டி, தண்ணீரைக் குறைத்தால் ஓரளவு ஓட்டம் வரும், ஆனால் அதே ஆட்டம் வராது.


ஊட்டிக்கேடி எழுதியது:

ஸ்மித் 20 அண்டர் அடிச்சதைச் சொல்றீங்களே சார், கடைசி நாள் 17-ல அவர் என்ன பண்ணினார்னு பார்த்தீங்களா? ரெண்டாவது அடி கிரீனுக்கு இந்தப் பக்கமே நின்னுடுச்சு. அவருக்கும் குழிக்கும் நடுவுல ரோட் பங்கர். தூக்கி அடிக்கல. பட்டிங் மட்டையை எடுத்தார், பங்கரோட ஓரத்தைச் சுத்தி, மேட்டுல ஏத்தி, வளைச்சுக் கொண்டுபோனார். பத்தடி கிட்ட மிச்சம் இருந்துச்சு, அதையும் போட்டு நாலுல முடிச்சார். எத்தனை கெஜம் அடிச்சாலும் அங்க கடைசியில தரையைத்தானே படிக்க வேண்டியிருந்துச்சு? அந்த ஒரு பட்டிங்குக்காக நான் அந்த வீடியோவை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்.


குறுக்குக்கேள்வி எழுதியது:

அந்த அடியை நானும் பார்த்தேன். அபாரம். 17-ஐப் பற்றி எனக்கு வாதமே இல்லை. 9, 10, 12 மீதுதான் என் புகார், அது அப்படியே இருக்கிறது.


வெண்பந்து எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 2022 இறுதிச் சுற்றை மறுபடி போட்டுப் பார்த்தேன், இந்தத் தடவை பந்தை விட்டுவிட்டு அவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று மட்டும் கவனித்தேன். இடது, வலது கதை கண்ணுக்குத் தெரிகிறது! வேலை விஷயமாக வரும் கோடையில் கிளாஸ்கோ போகிறேன். எனக்கு ஆடும் அளவுக்கு ஹேண்டிகேப் என்ற திறன் மதிப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய் நடந்து பார்க்கலாமா? எங்கே தொடங்குவது?


எடின்பரோவாசி எழுதியது:

தாராளமாக. ரயிலில் லூகர்ஸ் வரை வந்து பஸ் பிடியுங்கள், செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் 1969-இல் நின்றுவிட்டது. எல்லாரும் ஸ்வில்கன் பாலத்தில் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் 18-ஆவது கிரீனிலிருந்து பின்னோக்கி நடங்கள்: 17, 16, 15 என்று. பழைய காலத்தில் ஆடிய திசை அது, ஒளிந்திருக்கும் பங்கர்கள் எல்லாம் முகத்தைக் காட்டும். 16-இல் பிரின்சிபல்ஸ் நோஸ், 14-இல் ஹெல். ஹெல் பங்கரில் 1995-இல் ஜாக் நிக்கலஸ் மாட்டிக்கொண்டு அந்த ஹோலை 10-இல் முடித்தார், உள்ளே எட்டிப் பார்த்தால் ஏன் என்று தெரியும். 12-இல் மட்டும் கிரீனில் கொஞ்சம் நேரம் நின்று டீயைப் பாருங்கள், குறுக்குக்கேள்வியின் புகாரை நேரிலேயே முடிவு செய்துகொள்ளலாம். கிரீன்களின் மேல் நடக்க வேண்டாம், சுற்றிப் போங்கள். 11-ஐ எட்டும்போது கழிமுகக் காற்று அடிக்கும், கோடையானாலும் காற்றுக்குத் தடுப்பாக ஒரு சட்டை எடுத்துப் போங்கள்.

நேரமிருந்தால் பக்கத்தில் ஹிமாலயாஸ் என்ற பட்டிங் திடல் இருக்கிறது. 1867-இல் பெண்கள் கழகத்துக்காக ஓல்ட் டாம் அமைத்தது. சில பவுண்ட் கொடுத்தால் யாரும் ஆடலாம், ஹேண்டிகேப் கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறதா என்று மட்டும் போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.